கையெழுத்துக்கு இரண்டு சாட்சி, குழந்தைக்கு ஒரு பாதுகாவலர்: தொற்றுக் காலக் குடும்பச் சட்டம் – வாசகர் கேள்வி பதில்

கொரோனா காலத்தில் அவசர அவசரமாகச் செய்த ஏற்பாடுகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக நீதிமன்றப் படி ஏறுகின்றன. வாசகர் கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான். அடுத்த முறை வீட்டில் யாராவது தனிமைப்படுத்தப்பட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டவர்களும் உண்டு. எல்லாப் பதில்களுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: தொற்றுக்காக நம் சட்டம் தேதிகளைத் தளர்த்தியது, கையெழுத்து, சாட்சி போன்ற விதிகளைத் தளர்த்தவே இல்லை.

கேள்வி: 2021 மே மாதம் அப்பா கோவிட் வார்டில் இருந்தபோது வெள்ளைத் தாளில் உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே இருந்த செவிலியர் ஒரு சாட்சி. கண்ணாடிக்கு வெளியே நின்ற தாய்மாமா இன்னொரு சாட்சி. "முத்திரைத்தாள் இல்லை, பதிவு இல்லை, சாட்சிகள் ஒன்றாகவும் இல்லை, அதனால் செல்லாது" என்கிறார் அண்ணன். உண்மையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அண்ணன் சொன்ன மூன்று காரணங்களும் தவறு. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 63இன்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எழுதியவர் கையெழுத்திடுவதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் "இது என் கையெழுத்துதான்" என்று எழுதியவரே அவரிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதன்பின் அந்தச் சாட்சி எழுதியவரின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.

அண்ணன் கேட்காமல் விட்ட நான்காவது கேள்விதான் சிக்கலானது. மாமா எங்கே நின்று கையெழுத்திட்டார்? அப்பா தலையைத் திருப்பியிருந்தால் பார்த்திருக்கக்கூடிய இடத்தில், கண்ணாடிக்கு நேராக நின்று போட்டிருந்தால் "முன்னிலையில்" என்று வாதாட இடமுண்டு. தாளை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கோ கீழ்த்தள வரவேற்பறைக்கோ போய்ப் போட்டிருந்தால் அந்தச் சாட்சியம் நிற்காது. அது போனால் மிஞ்சுவது ஒரே சாட்சி, உயிலும் போய்விடும். மாமாவிடம் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நடந்தது நடந்தபடி அவர் நினைவில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

உயிலை நிரூபிக்கக் குறைந்தது ஒரு சாட்சியாவது நீதிமன்றத்துக்கு வர வேண்டும். செவிலியரின் முழுப் பெயரும் நிரந்தர முகவரியும் உயிலில் உண்டா? "ஸ்டாஃப் நர்ஸ், மூன்றாம் மாடி" என்று மட்டும் இருந்தால், பணி மாறிப் போனவரைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. இன்றே தேடத் தொடங்குங்கள். அத்துடன் மருத்துவமனையில் கேஸ் ஷீட் நகலுக்கும் எழுத்தில் விண்ணப்பியுங்கள். உயில் தேதியில் நோயாளி சுயநினைவோடு இருந்தார் என்ற குறிப்பும், மயக்க மருந்து கொடுக்கப்பட்டதா என்ற விவரமும் அதில்தான் கிடைக்கும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆவணங்களை மூன்று ஆண்டுகள்தான் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலம் உங்களுக்கு முடிந்துவிட்டது, இருந்தாலும் எல்லா மருத்துவமனையும் உடனே அழித்துவிடுவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, பில் ஆகியவை வீட்டில் இருந்தால் அவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

உயிலில் பெரும்பங்கு உங்களுக்கே என்றால், அதை எழுத ஏற்பாடு செய்ததும் நீங்களே என்றால், நீதிமன்றம் கூர்ந்து பார்க்கும். சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகளை விளக்கித் தீர்க்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருக்கே என்பது 1959இலேயே உச்ச நீதிமன்றம் சொன்ன விதி.

எழுதியவர் இறந்த பிறகும் உயிலைப் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். பதிவுச் சட்டம் பிரிவு 40 அதற்கு வழி தருகிறது, கால வரம்பும் இல்லை. சார்பதிவாளர் சாட்சிகளை அழைத்து விசாரிப்பார். அதுவரை அசலை லேமினேட் செய்யாதீர்கள். பேனா அழுத்தம், மை, தாள் எதையும் நிபுணர் சோதிக்க முடியாமல் போய்விடும். ஊசி குத்தாமல், துளை போடாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் பிரச்சினையே வராத மாதிரி உயிலை எப்படி எழுதுவது? நானும் கணவரும் அறுபதைக் கடந்தவர்கள். வக்கீல் வீட்டுக்கு வர முடியாத நிலை மீண்டும் வந்தால்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வக்கீல் இல்லாமலே எழுதலாம். ஆளுக்கொரு உயில் எழுதுங்கள். இருவரும் சேர்ந்து ஒரே உயில் எழுதினால் ஒருவர் காலமான பிறகு மற்றவர் அதை மாற்றலாமா என்ற வழக்கு வரும். கையால் எழுதினாலும் தட்டச்சு செய்தாலும் சரி. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்து, பக்க எண், கடைசிப் பக்கத்தில் தேதியும் இடமும். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்திலும் நீங்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அதைவிட, அந்தப் பக்கத்தையே மறுபடி எழுதிவிடுவது மேல்.

சொத்து விவரத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "என் வீடு" என்று எழுதினால் போதாது. ஆவண எண், ஆண்டு, சார்பதிவகம், சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், கதவு எண், நான்கு எல்லைகள் ஆகியவற்றை மூலப்பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். வங்கிக் கணக்குக்கு வங்கி, கிளை, கடைசி நான்கு இலக்கம் போதும். முடிவில் "மேலே சொல்லாத, இனிமேல் எனக்கு வரும் மற்றெல்லாச் சொத்தும் இன்னாருக்கு" என்று ஒரு வாக்கியம் சேருங்கள். இது இல்லாத உயில்களில், உயில் எழுதிய பிறகு வாங்கிய நகையும் வைப்புத்தொகையும் உயிலுக்கு வெளியே நின்று தனி வழக்காகிவிடுகின்றன.

தொற்றுக் காலம் கற்றுக்கொடுத்த இன்னொன்று: கணவன் மனைவி ஒரே வாரத்தில், சில வீடுகளில் ஒரே நாளில் இறந்தார்கள். "எல்லாம் மனைவிக்கு" என்று மட்டும் எழுதியிருந்து, மனைவி முந்திவிட்டால் அந்தக் கொடை காலாவதியாகிவிடும். யார் முதலில் போனார்கள் என்று தெரியாத இடத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 21 மூத்தவர் முதலில் இறந்ததாகவும் இளையவர் பின்னர் இறந்ததாகவும் அனுமானிக்கிறது. பிள்ளை இல்லாத தம்பதி என்றால் இந்த ஒரு அனுமானத்தால் மொத்தச் சொத்தும் ஒரு பக்கத்து உறவினருக்கே போய்விடலாம். ஆகவே "அவர் எனக்கு முன் இறந்திருந்தாலோ, எனக்குப் பின் முப்பது நாளுக்குள் இறந்தாலோ, இன்னாருக்கு" என்று மாற்று ஆளையும் எழுதிவிடுங்கள். உயிலை நிறைவேற்றுபவருக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும்.

சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக, உள்ளூரிலேயே இருப்பவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருக்கட்டும். பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பங்கே செல்லாது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, ஆனாலும் சந்தேகத்துக்கு அதுவே முதல் காரணமாகும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் தனிமையில் இருந்தால் வாசல் கதவைத் திறந்து வைத்து, மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி நின்று, ஆளுக்கொரு பேனாவோடு முடித்துவிடலாம். அதைக் கைபேசியில் வீடியோ எடுப்பது நல்லதுதான், ஆனால் வீடியோ சாட்சிக்குப் பதிலாகாது.

பதிவு செய்ய விரும்பி, உடல்நிலை காரணமாக அலுவலகம் போக முடியாவிட்டால், தக்க காரணம் காட்டி சார்பதிவாளரை வீட்டுக்கு வரவழைக்கப் பதிவுச் சட்டம் பிரிவு 31 இடம் தருகிறது. ஒட்டிய உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வசதியும் உண்டு. இதைப் பயன்படுத்துபவர்கள் அபூர்வம். ஒன்றை மறக்க வேண்டாம். பதிவு செய்த பழைய உயிலைவிட, முறையாக எழுதிய பதிவு செய்யாத புது உயிலுக்கே வலு.

கேள்வி: அம்மா ஆம்புலன்ஸில் போகும்போது வாட்ஸ்அப்பில் "நகை எல்லாம் சின்னவளுக்கு" என்று குரல் பதிவு அனுப்பினார். அது உயில் ஆகாதா?
– வாசகி, மதுரை

பதில்: ஆகாது. வாய்மொழி உயிலுக்கான விலக்கு போர்முனையில் இருக்கும் படைவீரர், கடலில் இருக்கும் மாலுமி போன்றோருக்கு மட்டும்தான். மின்னணு ஆவணங்களுக்கு அங்கீகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் உயிலை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. முஸ்லிம் சட்டத்தில் வாய்மொழி உயில் செல்லும். அதிலும் கடன், ஈமச்சடங்குச் செலவு போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உங்கள் வீட்டில் மற்ற வாரிசுகள் அம்மாவின் ஆசையை மதித்தால், குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதி நகையைச் சின்னவருக்கே கொடுக்கலாம்.

கேள்வி: கணவர் ஐசியூவில் நினைவில்லாமல் இருக்கிறார். என் பெயருக்குப் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரம் இருக்கிறது. அதை வைத்து மனையை விற்றுச் சிகிச்சைக்குக் கட்டலாமா? வங்கியில் பணம் எடுக்க முடியவில்லை.
– வாசகி, சேலம்

பதில்: விற்காதீர்கள். பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துவிடும் என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201 சொல்கிறது. சுயநினைவு போன பிறகும் தொடரும் பவரை நம் நாட்டுச் சட்டம் ஏற்கவில்லை. எந்த நிலைமைக்காகப் பவர் எழுதி வாங்கினோமோ, அந்த நிலைமை வந்ததும் அது செத்துவிடுகிறது. கொடுமைதான், ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பவரில் இப்போது கிரயம் செய்தால், நாளை வாங்கியவரோ உங்கள் வீட்டு வாரிசோ அதைக் கேள்வி கேட்கலாம்.

கோமாவில் இருப்பவரின் சொத்துக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புப் பிரிவு 226இன் கீழ் ரிட் மனு போடுவதே வழி. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கென நெறிமுறைகளே வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் கோமாவில் இருந்தவரின் மனைவியைப் பாதுகாவலராக ஏற்றுச் சொத்தைக் கையாள அனுமதித்தது. மனுவோடு சேர்க்க வேண்டியவை: மருத்துவமனையின் நிலைச் சான்று, சிகிச்சைச் செலவின் மதிப்பீடு, சொத்துப் பட்டியல், மற்ற வாரிசுகளின் சம்மதப் பிரமாணப் பத்திரம். கடைசியாகச் சொன்னது கையில் இருந்தால் வேலை மிகச் சுலபமாகும். மாமியார் உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும்.

வங்கியைப் பொறுத்தவரை கணக்கு எந்த வகை என்று பாருங்கள். "இருவரில் யாரேனும் அல்லது உயிரோடிருப்பவர்" என்றிருந்தால் சேமிப்புக் கணக்கில் நீங்களே எடுக்கலாம். "முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்றால் முதலாமவர் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கு உரிமை இல்லை. வைப்புத்தொகையை முன்கூட்டி உடைக்கப் பெரும்பாலான வங்கிகள் இருவர் கையெழுத்தையும் கேட்கும். நாமினி என்ற பேச்சே இறப்புக்குப் பிறகுதான்.

நினைவோடு இருந்து கையெழுத்திட மட்டும் முடியாதவர்களுக்கு ரிசர்வ் வங்கி வழி சொல்லியிருக்கிறது. பெருவிரல் ரேகை வைக்கலாம். கை இயலாவிட்டால் கால்விரல் ரேகைகூடப் போதும். இரண்டு சுயேச்சையான சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கிளையில் இந்த விதி தெரியாதவர்கள் உண்டு, ஆகவே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கணவர் 2021இல் தொற்றில் இறந்தார். பிஎஃப்பில் திருமணத்துக்கு முன் போட்ட நாமினியாக அவருடைய அண்ணன் பெயர். வங்கியிலும் அவரே நாமினி. "பணம் எனக்குத்தான்" என்கிறார். இரண்டு குழந்தைகள். மாமியார் என்னோடுதான் இருக்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: பிஎஃப் விஷயத்தில் அவருக்கு எதுவும் இல்லை. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 61ஆம் பத்தியின்படி, உறுப்பினர் திருமணம் ஆனதும் புது நாமினேஷன் போட வேண்டும். முன்பு போட்டது செல்லாததாகிவிடும். செல்லும் நாமினேஷன் இல்லாதபோது பணம் குடும்பத்தாருக்குச் சம பங்காகப் போகும். நீங்கள், குழந்தைகள், கணவரைச் சார்ந்திருந்த மாமியார் ஆகியோர் அதில் அடக்கம். அண்ணன் அந்த விளக்கத்துக்குள்ளேயே வரமாட்டார்.

படிவம் 20 சேமிப்புத் தொகைக்கு, 10டி ஓய்வூதியத்துக்கு. இவற்றோடு 5ஐஎஃப் என்ற மூன்றாவது படிவத்தைப் பல குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிட்டன. அது இடிஎல்ஐ என்ற ஊழியர் காப்பீட்டுத் தொகைக்கானது. பணியில் இருக்கும்போது இறந்தால் உண்டு. உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். ஊழியர் சம்பளத்தில் இதற்குப் பிடித்தம் கிடையாது என்பதால் சம்பளச் சீட்டில் இது தெரிவதில்லை, தெரியாததைக் கேட்பாரும் இல்லை.

வங்கியில் கதை வேறு. நாமினி கேட்டால் வங்கி அவரிடம் பணத்தைக் கொடுத்துவிடும், அது சட்டப்படி சரியும்கூட. ஆனால் அவர் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, சொந்தக்காரர் ஆகமாட்டார். பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இன்னும் கொடுக்கப்படவில்லை என்றால், உடனே வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேளுங்கள். வெறும் கடிதத்துக்காக வங்கி காத்திருக்காது.

ஆயுள் காப்பீடு மட்டும் விதிவிலக்கு. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. அண்ணன் இந்தப் பட்டியலில் இல்லை.

உயில் இல்லாத இந்து ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். உங்கள் வீட்டில் நான்கு சம பங்கு. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று கேட்கும்போது மாமியார் பெயரை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டு வாங்கிய சான்றுகள் பின்னால் ரத்தாகி, அதை வைத்து நடந்த பட்டா மாற்றமும் கலைந்திருக்கிறது. உங்கள் சொந்தக் கணக்கின் நாமினியையும் இன்றே பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை, பங்கு விகிதம் குறித்தே போடலாம்.

கேள்வி: தம்பியும் அவன் மனைவியும் தொற்றில் இறந்துவிட்டார்கள். பிள்ளைகள் என்னிடம். சித்தப்பா முறையில் நானே கையெழுத்திட்டுத் தம்பியின் வீட்டை விற்று அவர்கள் பெயரில் பணம் போடலாமா? தாய்வழித் தாத்தா பாட்டி பிள்ளைகளைக் கேட்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் ஒரு திருத்தம்: தம்பி பிள்ளைகளுக்கு நீங்கள் பெரியப்பா. மனுவில் உறவுமுறை தப்பாக இருந்தால் எதிர்த்தரப்புக்கு அதுவே போதும். அடுத்தது வீடு: விற்க முடியாது. இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 1956இன்படி இயற்கைப் பாதுகாவலர்கள் தந்தையும் தாயும் மட்டுமே. அவர்களே நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனர் சொத்தை விற்றால், பிள்ளை பெரியவனானதும் மூன்று ஆண்டுக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பெரியப்பா, தாத்தா போன்றவர்கள் வளர்க்கிறோம் என்ற காரணத்தால் மட்டும் விற்றால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. யாரும் ரத்து கேட்கக்கூடத் தேவையில்லை.

1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி, பிள்ளைகள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டு நியமனம் பெறுங்கள். நியமனம் கிடைத்த பிறகும் விற்பனைக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அது பிள்ளைகளுக்குத் தேவை அல்லது வெளிப்படையான நன்மை என்று காட்ட வேண்டும். வாடகைக்கு விட்டுப் படிப்புச் செலவைச் சமாளிக்க முடியும் என்றால் அனுமதி கிடைப்பது கடினம்தான். எங்கள் பார்வையில் அது நியாயமும்கூட.

யாரிடம் வளர்வது என்பதில் பணம், வயது, வீட்டின் அளவு இவை மட்டும் முடிவு செய்வதில்லை. தொற்றில் பெற்றோரை இழந்த குஜராத் சிறுவன் ஒருவனின் வழக்கில், மத்திய அரசுப் பணியில் இருந்த சித்தியிடம் அவனை ஒப்படைத்தது உயர் நீதிமன்றம். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. தந்தைவழி என்பதற்காக உங்களுக்கு முன்னுரிமை கிடைத்துவிடும் என்று இதிலிருந்து எண்ணிவிட வேண்டாம். பிள்ளைகளின் நலனும், விவரம் தெரிந்த வயதென்றால் அவர்கள் விருப்பமுமே பார்க்கப்படும். பேசி, ஒருவரிடம் வளர்ப்பும் மற்றவருக்கு விடுமுறை நாட்களும் என்று எழுதிக் கூட்டு மனு போட்டால் எல்லாருக்கும் நல்லது.

தமிழக அரசு 2021இல் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்தோருக்கு 3 லட்சமும் அறிவித்தது. அந்த வைப்புச் சான்று யாரிடம் இருக்கிறது என்று பார்த்து மனுவில் சேருங்கள். தூரத்து உறவினர் யாராவது "நாங்கள் எடுத்து வளர்க்கிறோம்" என்று வெற்றுப் பத்திரத்தில் எழுதி வாங்க வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். முறையற்ற தத்து சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம்.

இன்று உயிரோடு இருக்கும் பெற்றோருக்கு: மைனர் பிள்ளைக்குப் பாதுகாவலரை உயிலிலேயே நியமிக்கலாம். தந்தை எழுதினாலும் தாய் இருக்கும்வரை தாய்தான். ஆகவே இருவரும் தங்கள் தங்கள் உயிலில் ஒரே பெயரை எழுதுங்கள், அவரிடம் சம்மதம் கேட்ட பிறகு.

கேள்வி: வாரம் ஒரு நாள் மகளைப் பார்க்க நீதிமன்ற உத்தரவு உண்டு. "உங்கள் தெருவில் காய்ச்சல்" என்று முன்னாள் மனைவி மாதக்கணக்கில் அனுப்புவதில்லை.
– வாசகர், சென்னை

பதில்: காய்ச்சல் உண்மையாகவே இருந்தால் ஓரிரு வாரம் தள்ளிப்போவதை எந்த நீதிபதியும் குறை சொல்லமாட்டார். மாதக்கணக்கு என்பது உத்தரவை மீறுவது. 2020 ஊரடங்கில் உச்ச நீதிமன்றம் நேர்ச் சந்திப்புக்குப் பதில் மின்னணு வழித் தொடர்பைப் பெற்றோர் பேசி ஏற்கலாம் என்றது. அதற்குச் சற்று முன், அதே ஆண்டு ஜனவரியில், பிள்ளையோடு இல்லாத பெற்றோருக்குத் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது காணொளியில் பேச உரிமை வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. குடும்ப நீதிமன்றத்தில் உத்தரவைத் திருத்தக் கேளுங்கள். அதில் எந்த நேரம், யாருடைய கைபேசி, அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, நோய் என்றால் மருத்துவச் சான்று காட்ட வேண்டும், தவறிய சந்திப்புக்கு எத்தனை நாளுக்குள் ஈடு செய்வது என்று எல்லாம் எழுத்தில் வரட்டும். "வசதிப்படி காணொளி" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய உத்தரவால் பயனே இல்லை. இதற்குப் பதிலடியாக ஜீவனாம்சத்தை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு வழக்கு.

கேள்வி: சம்பளம் பாதியானது. ஜீவனாம்சத்தை நானே குறைத்துக் கட்டலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. மீதி முழுவதும் பாக்கியாகச் சேரும். பிடியாணை வரலாம், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே மாற்ற மனு போடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் இப்போது 146. சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, கடன் தவணை விவரத்தோடு, 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த படிவத்தில் சொத்து–கடன் பிரமாணப் பத்திரமும் வேண்டும். மனு முடியும்வரை முடிந்த தொகையை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: பயத்தில் 2020இல் வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிட்டேன். இப்போது அவன் கவனிப்பதில்லை. ரத்து செய்யலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: நீங்களாக ஒரு ரத்துப் பத்திரம் எழுதிப் பயனில்லை. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23இன் கீழ்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள், வக்கீல் கட்டாயமில்லை. பராமரிப்பான் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால் வழக்கு வலுவானது. இல்லாவிட்டால் கடினம். ஆனால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை மூத்தோர் நலன் நோக்கித் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றிருக்கிறது, ஆகவே முயலலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்களுக்குப் பின்தான் போக வேண்டும் என்றால் அதற்கு உயில்தான். செட்டில்மெண்ட் எழுதியே தீர வேண்டும் என்றால் ஆயுள்கால அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி: அக்கா பெயரில் எழுதிய பத்திரம் 2020 ஜனவரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. 2023 மார்ச்சில் வழக்குப் போட்டோம். மூன்று ஆண்டு தாண்டிவிட்டது என்கிறார்கள்.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தாண்டவில்லை. 15.3.2020 முதல் 28.2.2022 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்கும்படி உச்ச நீதிமன்றம் 10.1.2022 அன்று உத்தரவிட்டது. அந்த 716 நாளைச் சேர்த்தால் உங்களுக்கு 2024 டிசம்பர் வரை நேரம் இருந்தது. பதில் மனுவில் அந்த உத்தரவின் தேதியைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: "எனக்கு வெண்டிலேட்டர் வைக்க வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: எழுதலாம், ஆனால் அந்த வாசகத்தோடு வேண்டாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து 2023 ஜனவரியில் எளிதாக்கிய முன்மருத்துவ உத்தரவு, மீளும் வாய்ப்பில்லாத நிலைக்குத்தான். தொற்றில் வெண்டிலேட்டர் வைத்துப் பத்து நாளில் எழுந்து வந்தவர்கள் உண்டு. "குணமாகும் வாய்ப்பு இல்லை என்று மருத்துவக் குழு சொன்னால்" என்று தொடங்கி எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டெட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்; முன்பு போல் மாஜிஸ்திரேட் தேவையில்லை. உங்களுக்காக முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட நெருங்கிய உறவினர் பெயரைக் குறிப்பிடலாம். முதல் மருத்துவக் குழு, அதை உறுதி செய்யும் இரண்டாம் குழு என இரண்டு கட்டம் உண்டு. ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நகல்களைக் குடும்ப மருத்துவரிடமும் பெயர் குறிப்பிட்ட உறவினர்களிடமும் கொடுத்து வையுங்கள். பீரோவுக்குள் பூட்டி வைத்தால் ஐசியூவில் யாருக்கும் தெரியப் போவதில்லை.